இளம்பெண்களும் எலும்புப்புரையும்: மருந்துக்கடை மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூருக்கும் அவிநாசிக்கும் நடுவே உள்ள ஒரு சிறிய மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். இரவு எட்டரை மணிக்குப் பனியன் கம்பெனிகள் விட்டதும் கடைக்கு வரும் பெண்களில் யாராவது ஒருவர், சீட்டு எதுவும் இல்லாமல், "கால்சியம் மாத்திரை நாலு கொடுங்க" என்று கேட்காத நாள் இல்லை. எதற்கு என்று திருப்பிக் கேட்டால், அதிலிருந்து பத்துக் கேள்விகள் கிளம்பும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மருத்துவர் முடிவு செய்ய வேண்டிய இடங்களில் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

எலும்புப்புரைன்னாலும் எலும்புத் தேய்மானம்னாலும் ஒண்ணுதானுங்களா?

இரண்டும் வேறு. தேய்மானம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் மூட்டுகளில் உள்ள குருத்தெலும்பு தேய்வதைக் குறிக்கும். முழங்காலில் வலியும் இறுக்கமும் தருவது அதுதான். எலும்புப்புரையில் மூட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை, எலும்பின் உட்புறம்தான் மெலிகிறது. முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயை உடைத்தால் உள்ளே நார்ப் பின்னல் இருக்கும் அல்லவா, எலும்பின் உள்ளும் ஏறத்தாழ அப்படியொரு பின்னல் உண்டு. அதன் இழைகள் மெலிந்து, ஆங்காங்கே அறுந்துபோனால், வெளித் தோற்றம் மாறாமலேயே எலும்பு வலுவிழக்கும். நின்ற உயரத்திலிருந்து தவறி விழுந்ததற்கே மணிக்கட்டோ முதுகெலும்போ முறிவது அப்படித்தான்.

அது வயசானவங்களுக்கு வர்றதாச்சுங்களே, இருபத்தஞ்சு வயசுப் புள்ளைக்கு எதுக்குங்க அந்தக் கவலை?

மாதவிடாய் நின்ற பிறகு வருவதுதான் மிகுதி என்பது உண்மை. ஆனால் அப்போது எவ்வளவு எலும்பு மிச்சம் இருக்கும் என்பது, இளமையில் எவ்வளவு சேர்த்தோம் என்பதைப் பொறுத்தது. பெண்களுக்கு எலும்பின் பெரும்பகுதி, ஏறத்தாழ 90 விழுக்காடு, பதினெட்டு வயதையொட்டிச் சேர்ந்துவிடுகிறது. எஞ்சியது முப்பது வயதுக்குள் நிரம்புகிறது. அதன் பிறகு இருப்பதைக் காப்பாற்றலாமே தவிர, காலியான களஞ்சியத்தை மறுபடி நிரப்புவது எளிதன்று. பதினாறு, பதினேழு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு மில் விடுதிக்கு வரும் பெண்ணுக்கு அந்த விடுதிச் சாப்பாடுதான் எலும்பு கட்டும் காலத்துச் சாப்பாடு என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

இளம்வயதிலேயே எலும்புப்புரை வருவதும் உண்டு. அப்படி வந்தால் அதற்குப் பின்னால் பெரும்பாலும் வேறொரு காரணம் இருக்கும்: மாதவிடாய் நின்றுபோதல், நீண்ட நாள் ஸ்டீராய்டு, தைராய்டு மிகையாகச் சுரத்தல், பாராதைராய்டுக் கோளாறு, உணவிலிருந்து சத்து உறிஞ்ச முடியாத குடல் நோய், சில வலிப்பு மாத்திரைகள், கடுமையான உடல் மெலிவு. ஆகவே இளம்பெண்ணுக்கு எலும்பு மெலிந்திருக்கிறது என்றால், மாத்திரையைக் கேட்பதற்கு முன் "ஏன்" என்று கேட்க வேண்டும். இந்தப் பக்கம் முழுவதற்கும் அதுவே அடிப்படை.

அப்படி ஏதாச்சும் இருந்தா வலி எடுத்துத் தெரிஞ்சிருமுங்களே?

தெரியாது. எலும்பு முறியும் வரை எலும்புப்புரை வலிப்பதில்லை. சாதாரண எக்ஸ்ரேயிலும் எலும்பில் மூன்றிலொரு பங்கு அளவுக்குக் குறைந்த பிறகுதான் புலப்படும். இரத்தத்தில் கால்சியம் சரியாக இருப்பதைக் கண்டு நிம்மதி அடைவதற்கும் இல்லை, ஏனென்றால் இரத்தத்தில் குறையும்போது உடல் எலும்பிலிருந்து எடுத்து அதைச் சமன் செய்துவிடும்.

"இடுப்பும் தொடையும் விடாம வலிக்குது, மாடிப்படி ஏற முடியல, உட்கார்ந்தா எந்திரிக்கக் கையை ஊன்ற வேண்டியிருக்குது" என்று ஒரு இளம்பெண் சொன்னால், எனக்கு முதலில் தோன்றுவது எலும்பு மென்மை நோய். வைட்டமின் டி மிகவும் குறைந்து, எலும்பில் தாது உப்பு சரியாகப் படியாமல் போவதால் வருவது அது. அடர்த்தி ஸ்கேனில் இரண்டும் ஒரே மாதிரி குறைவாகவே தெரியும். பிரித்துச் சொல்லக் கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ், வைட்டமின் டி ஆகிய இரத்தப் பரிசோதனைகள் வேண்டும். முறையாகச் சிகிச்சை எடுத்தால் சில மாதங்களில் நன்றாகத் தேறிவிடும் நோய் இது, ஆகவே இதை எலும்புப்புரை என்று தவறாக எண்ணி வேறு மருந்து எடுப்பது பெரிய இழப்பு.

வெயில்லயே கெடக்கற ஊருங்க இது. நமக்குப் போயி எப்படிங்க வைட்டமின் டி குறையும்?

வெயில் ஊரில் இருக்கிறது, நம் தோலில் படுவதில்லை. பொழுது விடிந்ததும் கம்பெனிக்குள் போய் இருட்டிய பிறகு வெளியே வருகிறவர், ஸ்கூட்டியில் போகும்போது துப்பட்டாவால் முகத்தை மூடிக் கையுறையும் போட்டுக்கொள்கிறவர், கோவையில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் கணினி முன் அமர்கிறவர், மூவருக்கும் ஒரே நிலைதான். வைட்டமின் டி உருவாக்கும் புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை ஏழு மணி இளவெயிலிலும் அது மிகக் குறைவு. முற்பகல் 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணிக்குள், கையும் காலும் வெயில் படும்படி, கால் மணி முதல் அரை மணி நேரம், வாரத்தில் சில நாள் இருப்பது பயன் தரும். நம் தோலின் கருநிறத்துக்குச் சற்றுக் கூடுதல் நேரம் வேண்டும். முகத்தில் மங்கு விழும் என்ற அச்சம் இருந்தால் முகத்தை மட்டும் மூடிக்கொள்ளலாம்.

இரத்தப் பரிசோதனையில் 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்கிறார்கள். மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதும் 60,000 யூனிட் மாத்திரை வாரத்துக்கு ஒன்று, பொதுவாக எட்டு வாரம். அதைத் தினம் ஒன்றாக விழுங்கிவிட்டு, வாந்தியும் தீராத தாகமுமாக வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். "வாரம் ஒன்று" என்று அட்டையின் மேலேயே பேனாவால் எழுதிக் கொடுப்பதை அதன் பிறகுதான் வழக்கமாக்கினேன்.

பால் எனக்குப் புடிக்காதுங்க. ராகிக்களி தின்னா போதாதுங்களா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். பாலூட்டும் காலத்தில் 1,200. ராகி மாவு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது, ஆகவே ஒரு வேளை களியோ இரண்டு ராகி அடையோ நல்ல பங்களிப்புதான். ஆனால் சிறுதானியம் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது: கம்பிலும் சோளத்திலும் ராகியில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே கால்சியம் உண்டு. கம்மஞ்சோறு வேறு காரணங்களுக்காக நல்லது.

பாலாகக் குடிக்கப் பிடிக்காதவர் தயிராக, மோராக எடுத்துக்கொள்ளலாம். ஒரு டம்ளர் பாலுக்கு, அதாவது 200 மில்லிக்கு, 240 மில்லிகிராம் அளவில் கணக்கு வைத்துக்கொள்ளலாம். தண்ணீராக ஓடும் மோரில் அவ்வளவு இருக்காது. ஒரு பெரிய கரண்டி எள்ளில் 100 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கிடைக்கும். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, முள்ளோடு தின்னும் சிறுமீன் எல்லாம் சிறந்தவை. கொள்ளில் கால்சியம் உண்டு. ஆனால் வேகவைத்த நீரை மட்டும் இறுத்து ரசம் வைத்துவிட்டுப் பயறை மாட்டுக்கு வைத்தால் நமக்கு வருவது சொற்பம், பருப்பாகக் கடைந்து தின்பதே மேல். நாமக்கல் முட்டையில் கால்சியமெல்லாம் ஓட்டில்தான் இருக்கிறது, ஆனாலும் எலும்பின் அடிக்கட்டுக்குப் புரதம் வேண்டும் என்பதால் முட்டையை விட வேண்டாம்.

பெரண்டைத் தொவையல் தின்னா ஒடஞ்ச எலும்பே கூடிக்குமுன்னு அம்மத்தா சொல்லுவாங்க. நெசமுங்களா?

துவையலாகத் தின்பதில் தடையில்லை. எலும்புப்புரைக்கு அதை மருந்தாக நம்பி மற்ற சிகிச்சையை விடுவதற்கு அதன் மேல் போதிய சான்று இல்லை. கடைகளில் விற்கும் பிரண்டை மாத்திரைகளுக்கும் இதே பதில்தான்.

கால்சியம் மாத்திரை போட்டா கிட்னியில கல்லு வருமுன்னு சொல்றாங்களே?

உணவிலுள்ள கால்சியம் கல்லை உண்டாக்குவதில்லை. அது கல்லாகச் சேரக்கூடிய ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றுவதால், கால்சியம் மிகவும் குறைந்த உணவுதான் கல்லுக்கு வழி வைக்கிறது. மாத்திரை விஷயத்தில், வெறும் வயிற்றில் போடும்போதும் தேவைக்கு மேல் போடும்போதும்தான் கல்லின் அபாயம் சற்றுக் கூடும். ஏற்கெனவே கல் வந்தவர் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். ராகிக்களிக் கேள்வியில் சொன்ன உணவுகளால் தேவை நிறைந்துவிட்டால் மாத்திரையே வேண்டியதில்லை. நிறையாத மிச்சத்துக்குத்தான் மாத்திரை.

அந்த மாத்திரையை எப்பப் போடறதுங்க? சத்து மாத்திரையோட சேத்திப் போடலாமுங்களா?

கால்சியம் கார்பனேட் என்று அட்டையில் இருந்தால் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டவுடன் போட வேண்டும். ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் போட்டால் உடல் அதைச் சரியாக ஏற்பதில்லை. அட்டையில் 1,250 என்று அச்சிட்டிருந்தாலும் அதிலுள்ள உண்மையான கால்சியம் 500தான், குழம்ப வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் குறைந்தது இரண்டு மணி நேரமும், தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரமும் இடைவெளி விட வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருவுற்ற பெண்களுக்கு நான்காம் மாதத்திலிருந்து கால்சியமும் இரும்பும் தனித்தனி வேளைக்குச் சொல்லிக் கொடுப்பது இதற்காகவே.

கல்யாணத்துக்குள்ள எளைக்கட்டும்னு என்ற பொண்ணு ராத்திரிச் சோத்தையே விட்டுட்டாளுங்க. நாலு மாசமா தலைக்கும் ஊத்தலை. அதுக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தமுங்க?

நேரான சம்பந்தம். செலவழிக்கும் ஆற்றலுக்கு ஏற்ற உணவு வராதபோது, மூளை சினைப்பைகளுக்கு அனுப்பும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது, ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, மாதவிடாய் நிற்கிறது. எலும்பு கரையும் வேகத்தைப் பிடித்து வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன்தான். ஐம்பது வயதில் நடக்க வேண்டிய இழப்பு இருபத்திரண்டு வயதில், அதுவும் எலும்பு சேர வேண்டிய பருவத்தில், நடக்கத் தொடங்குகிறது. ஓட்டப்பந்தயத்துக்கும் கபடிக்கும் கடுமையாகப் பயிற்சி எடுக்கும் கல்லூரிப் பெண்களுக்கும் இது வரும். அவர்களிடம் காலெலும்பில் மயிரிழை விரிசலாக இது முதலில் தென்படுவதுண்டு.

மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால் மகளிர் மருத்துவரிடம் போக வேண்டும். முதலில் கருத்தரிப்பு இல்லை என்று உறுதி செய்து, பிறகு தைராய்டு, புரோலாக்டின் முதலியவற்றைப் பார்ப்பார்கள். நீர்க்கட்டியாலும் தள்ளிப்போகலாம், அதன் கணக்கு வேறு. "வர வைக்க" மாத்திரை வாங்கிப் போடுவது காரணத்தை மூடி மறைக்குமே தவிர எலும்பைக் காக்காது. சாப்பாட்டைக் கூட்டி, உடல் எடை ஏறி, மாதவிடாய் தானாகத் திரும்புவதே எலும்புக்கான சிகிச்சை. புடவை மடிப்பு நன்றாக விழ வேண்டும் என்பதற்காக ஒரு வீட்டில் எல்லாரும் சேர்ந்து ஒரு பெண்ணைப் பட்டினி போடுவதைப் பார்க்கையில் எனக்குக் கோபம் வருவதை மறைக்க முடிவதில்லை.

கம்பெனியில பன்னெண்டு மணி நேரம் நிக்கறேனுங்க. அதுக்கு மேல என்னத்துக்கு உடற்பயிற்சி?

களைப்பு வேறு, எலும்புக்குக் கிடைக்கும் வேலை வேறு. செக்கிங் மேசை முன் அசையாமல் நிற்பதிலும், ஓவர்லாக் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பதிலும் எலும்பின் மேல் புதிய சுமை எதுவும் விழுவதில்லை. சட்டென்று விழும் சுமைக்கும், திசை மாறும் அசைவுக்கும், எடை தூக்குவதற்கும்தான் எலும்பு தன்னைக் கெட்டியாக்கிக்கொள்ளும். அதுவும் நீண்ட நேரம் தேவையில்லை. கயிறு தாண்டுதல், மாடிப்படி ஏறுதல், தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதுபோல் எடை தூக்குதல் ஆகியவற்றை வாரத்தில் மூன்று நான்கு நாள், இருபது நிமிடம் செய்தால் போதும். சைக்கிளும் நீச்சலும் இதயத்துக்கு நல்லவை, எலும்புக்கு அவ்வளவு உதவுவதில்லை.

நம் பகுதியில் இப்போது ஊருக்கு ஊர் வள்ளி கும்மி பழகுகிறார்களே, அதைவிடப் பொருத்தமான பயிற்சியை எந்த உடற்பயிற்சிக் கூடத்திலும் நான் காணவில்லை. குதித்து, குனிந்து, திரும்பி, அடி மாற்றி, தாளத்துக்குக் கால் தட்டும் ஆட்டம் அது. ஆனால் ஏற்கெனவே முதுகெலும்பு முறிவு உள்ளவர் குதிப்பதும் குனிந்து சுமை தூக்குவதும் கூடாது. இயன்முறை மருத்துவர் சொல்லும் பயிற்சியை மட்டும் செய்ய வேண்டும்.

புள்ளைக்குப் பால் குடுத்தா தாயோட எலும்பு கரஞ்சு போகுமுன்னு சீக்கிரமா நிறுத்தச் சொல்றாங்க. நிறுத்திறதுங்களா?

வேண்டாம். பாலூட்டும் மாதங்களில் தாயின் எலும்பு அடர்த்தி சில விழுக்காடு குறைவது உண்மைதான், ஆனால் பால் மறக்கடித்த பிறகு பெரும்பாலோர்க்கு ஓராண்டுக்குள் அது திரும்பிவிடுகிறது. கர்ப்பகாலத்தின் கடைசியிலோ பிரசவத்துக்குப் பின் சில மாதங்களிலோ திடீரென்று தாங்க முடியாத முதுகுவலியும் உயரக் குறைவும் வந்தால் மட்டும் கவனிக்க வேண்டும். முதுகெலும்பு முறியும் நிலை மிக அரிதாக அப்போது வருவதுண்டு. அதைப் "பிரசவத்துக்கு முதுகுல போட்ட ஊசியால வந்த வலி" என்று ஒதுக்கிவிடுகிறோம்.

மூணு மாசத்துக்கு ஒருக்கா போடற கருத்தடை ஊசியால எலும்பு கெடுமுங்களா?

அரசு மருத்துவமனைகளில் 'அந்தரா' என்ற பெயரில் இலவசமாகப் போடும் அந்த ஊசி ஈஸ்ட்ரோஜனைக் குறைப்பதால், போடும் காலத்தில் அடர்த்தி சற்றுக் குறையும். நிறுத்திய பிறகு பெரும்பகுதி மீண்டுவிடும். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவரும், ஸ்டீராய்டு போன்ற வேறு காரணம் உள்ளவரும் மருத்துவரிடம் சொல்லி வேறு முறையைக் கேட்கலாம். மற்றவர் இதற்காக அஞ்சி ஊசியைக் கைவிட்டு, வேண்டாத கர்ப்பத்தைச் சுமக்க வேண்டியதில்லை.

மூட்டுவலிக்கு ஒருத்தர் பொடி குடுக்கறாருங்க, ரெண்டே நாள்ல வலி பறந்துருச்சு. அதுல என்ன கெடுதி?

பெயரும் அட்டையும் இல்லாமல் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் பொடி இரண்டே நாளில் வலியைப் போக்கினால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று ஐயப்படுவதே அறிவு. முகம் உப்புவது, பசி கூடுவது, சர்க்கரை ஏறுவது அதன் அறிகுறிகள். பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டை ஒரு நாளுக்கு 5 மில்லிகிராமோ அதற்கு மேலோ மூன்று மாதம் எடுத்தாலே எலும்பைக் கணக்கில் எடுக்க வேண்டும், இழப்பும் முதல் சில மாதங்களில்தான் வேகமாக இருக்கும். ஆனால் பல வாரம் தின்றவர் இதைப் படித்துவிட்டு ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. உடல் தன் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பை நிறுத்தி வைத்திருக்கும் என்பதால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். பொடியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

முப்பத்தி நாலு வயசுல கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. எனக்கும் இது வருமுங்களா?

கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்தார்களா என்பதைப் பொறுத்தது. மருத்துவமனையில் கொடுத்த வெளியேற்றச் சீட்டில் அது எழுதியிருக்கும், தேடிப் பாருங்கள். சினைப்பைகள் இருந்தால், மாதவிடாய் வராவிட்டாலும் ஈஸ்ட்ரோஜன் சுரந்துகொண்டிருக்கும். இரண்டையும் எடுத்திருந்தால், நாற்பது வயதுக்கு முன் சினைப்பை தானாகச் செயலிழந்தவருக்கு உள்ள அதே நிலைதான்: தடை ஏதும் இல்லாவிட்டால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரை ஹார்மோன் எடுப்பதே எலும்புக்கும் இதயத்துக்கும் காப்பு. இதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்பது வருத்தத்துக்குரியது.

மண்டபத்துல முகாம் போட்டு, குதிகாலை ஒரு மெஷின்ல வெச்சுப் பாத்து, எலும்பு வீக்குன்னு சிவப்புச் சீட்டு குடுத்துட்டாங்க. என்ன பண்றதுங்க?

பதற வேண்டாம். குதிகாலில் ஒலி அலையால் பார்ப்பது நோயை உறுதிப்படுத்தும் சோதனை அன்று. உறுதி செய்வது இடுப்பிலும் கீழ்முதுகிலும் எடுக்கும் டெக்ஸா என்ற எலும்பு அடர்த்தி ஸ்கேன். அதுவும் நலமாக இருக்கும் எல்லா இளம்பெண்களுக்கும் தேவையில்லை. சிறு விழுகையில் முறிவு ஏற்பட்டவருக்கும், இரண்டாம் கேள்வியில் சொன்ன காரணங்களில் ஒன்று உள்ளவருக்கும் மருத்துவர் எழுதுவார்.

டெக்ஸாவுல டி-ஸ்கோர் மைனஸ் 2.6ன்னு இருக்குதுங்க. எனக்கு இருபத்தெட்டுத்தான் ஆகுது. இது எலும்புப்புரைதானே?

டி-ஸ்கோர் என்பது உங்கள் எலும்பு அடர்த்தியை நலமான இளம்வயதினரின் சராசரியோடு ஒப்பிடும் எண். அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை என்று உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்தது, மாதவிடாய் நின்ற பெண்களுக்கானது. உங்கள் வயதில், அதே வயதினரோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோரைப் பார்க்க வேண்டும். அது மைனஸ் 2.0 அல்லது அதற்குக் கீழே இருந்தால் "வயதுக்கு எதிர்பார்க்கும் அளவைவிடக் குறைவு" என்று பொருள். அங்கிருந்துதான் காரணத் தேடல் தொடங்கும். பிறவியிலேயே குட்டையான, மெல்லிய உடல்வாகு உள்ளவருக்கு எண் குறைவாகக் காட்டுவதும் உண்டு.

எங்க ஊர்ல போர்த் தண்ணிதானுங்க. அதனால எலும்பு கெடுமுன்னு சொல்றது மெய்யா?

உப்புச் சுவையால் எலும்பு கெடுவதில்லை, ஃபுளோரைடு மிகுந்தால் கெடும். அதை நாக்கால் அறிய முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு முதன்மைக் காரணமே ஃபுளோரைடுதான். சேலம் முதலிய மாவட்டங்களிலும் அது மிகுந்த கிணறுகள் உண்டு. இதில் ஒரு வினோதம்: ஸ்கேனில் எலும்பு கெட்டியாகத் தெரியும், ஆனால் உண்மையில் நொறுங்கும் தன்மை கூடியிருக்கும். கால்சியம் குறைந்த உணவு இந்தக் கேட்டை இன்னும் பெருக்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீரே இல்லாத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம். காய்ச்சினால் நீர் வற்றி ஃபுளோரைடு இன்னும் செறியும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம்.

வாரம் ஒரு மாத்திரை, வருசம் ஒரு ஊசின்னு இருக்குதாமே, அதைப் போட்டுட்டா முடிஞ்சுதுங்களே?

அவை பிஸ்பாஸ்போனேட் வகை மருந்துகள். முதியவர்களுக்கு முறிவைத் தடுப்பதில் நன்கு பயன்படுபவை. இளம்பெண் விஷயத்தில் தயங்குவதற்குக் காரணம், அவை எலும்பில் பல ஆண்டுகள் தங்கி, பின்னால் கருத்தரிக்கும்போது நச்சுக்கொடி வழியே குழந்தையை அடையக்கூடும் என்பதே. முறிவு ஏற்பட்டவருக்கும், ஸ்டீராய்டை நிறுத்த முடியாதவருக்கும் மருத்துவர் சாதக பாதகங்களை எடை போட்டுத் தருவார். அதற்கு முன் வைட்டமின் டி குறைவைச் சரிசெய்தாக வேண்டும்.

எலும்பு கரைவதைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியைத் தொடங்கினால், கேட்காமல் நிறுத்தக் கூடாது. தவணை தவறினால் எலும்பு வேகமாகக் கரைந்து, முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறிய நேர்வதுண்டு. பணம் கட்டவில்லை, ஊருக்குப் போய்விட்டேன் என்று தவணையைத் தள்ளிப்போடும் மருந்து அது இல்லை.

ரிப்போர்ட்டுல கொறைவுன்னு வந்திருக்குதுங்க. ஜாதகம் கைமாறுற நேரம், மாப்பிள்ளை வீட்டுல சொல்றதா வேண்டாமான்னு ஒண்ணும் புரியல.

எந்தக் காரணத்தால் குறைவு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வைட்டமின் டி குறைவுதான் என்றால் அது சில மாதச் சிகிச்சை, ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டிய செய்தி இல்லை. நீடித்த நோயோ தொடர் மருந்தோ இருந்தால், அதை மணக்கப் போகிறவரிடம் பெண்ணே சொல்வதுதான் முறை என்பது என் கருத்து. பிள்ளை பெறுவதை எப்போது வைத்துக்கொள்வது, எந்த மருந்தை எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அவர்கள் இருவரும் மருத்துவர் முன் உட்கார்ந்து பேச வேண்டியவை. வேண்டாம் என்று நான் தடுப்பது ஒன்றைத்தான்: கல்யாணம் முடியட்டும் என்று மாத்திரை அட்டையைப் பீரோவுக்குள் ஒளித்துவைத்து, சிகிச்சையை நடுவில் நிறுத்துவது.